கப்பலில் 41 இரவு: பினாங்கில் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் இரண்டு நீண்ட கப்பல் பயணம் போய் வந்தோம். முதலாவது, சிங்கப்பூரில் ஏறி கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட், கொழும்பு, கொச்சி வழியாகத் துபாய் வரை 17 இரவு. இரண்டாவது, சிங்கப்பூரிலிருந்து மொரிஷியஸ், டர்பன், கேப் டவுன் என்று ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பார்சலோனா வரை 41 இரவு. திரும்பி வந்த நாளிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் நின்றாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாள் முழுக்கக் கடலைத்தானே பார்க்க வேண்டும். போரடிக்காதா?

முதல் மூன்று நாள் அடிக்காது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கும். நீச்சல் குளம், நடனம், மந்திர வித்தை, காய்கறியில் பூ செதுக்கும் வகுப்பு என்று ஓடுவீர்கள். நான்காம் நாள் கால் வலிக்கும், தூங்கிவிடுவீர்கள். ஐந்தாம் நாள்தான் சோதனை. சிங்கப்பூரிலிருந்து மொரிஷியஸ் வரை எங்களுக்கு ஏழு நாள் கரையே தெரியவில்லை. அந்த ஐந்தாம் நாள் மத்தியானம் வீட்டுக்காரர் பால்கனியில் நின்றுகொண்டு, "இதுக்கா இவ்வளவு காசு கட்டினோம்?" என்று கேட்டார்.

ஏழாம் நாள் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. காலையில் நடைபாதைத் தளத்தில் எட்டுச் சுற்று, பசியாறல், சீட்டாட்ட அறையில் ஒரு ஸ்காட்லாந்துத் தம்பதியோடு ரம்மி, சாப்பாடு, தூக்கம், தேநீர், சூரிய அஸ்தமனம். வீட்டில் இருக்கும்போது இருக்கிற அதே ஒழுங்கு, மின்கட்டணமும் மீன்கடையும் மட்டும் இல்லை.

நீண்ட பயணத்தைச் சுற்றுலா என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது குடித்தனம். ஒரு சின்ன ஊரில் ஒன்றரை மாதம் குடியிருக்கிறீர்கள், அந்த ஊர் நகர்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கேயும் போகாமல் வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்தவர்களுக்குக் கப்பல் பிடிக்கும். அது முடியாதவர்கள் ஐந்து இரவுப் பயணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சோறு கிடைக்குமா?

கிடைக்கும். பஃபேயில் தினமும் ஏதாவது ஓர் இந்தியக் கறி இருக்கும். ஆனால் 'இந்திய' என்றால் பெரும்பாலும் வடக்கத்திய பன்னீரும் பருப்பும்தான். சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏறிய அன்றே உணவகத்தின் மேற்பார்வையாளரைப் பார்த்து மறுபடியும் சொல்லுங்கள். மறுநாள் இரவுக்கான சைவ உணவை முதல் நாளே கேட்டு வாங்கி வைப்பார்கள். மீன் சாஸும் இறைச்சிச் சாறும் எதில் ஒளிந்திருக்கும் என்று கேட்காமல் தெரியாது.

எங்கள் மேஜைக்குப் பரிமாறியவர்களில் ஒரு பையன் தூத்துக்குடிக்காரன். பன்னிரண்டாம் நாள் எனக்குச் சளி பிடித்தபோது, எங்கிருந்து என்று கேட்காதீர்கள், ஒரு கிண்ணம் மிளகு ரசம் கொண்டுவந்து வைத்தான். 41 இரவில் நான் சாப்பிட்ட சிறந்த சாப்பாடு அது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஊழியர்களில் இந்தோனேசியர்கள் நிறையப் பேர். நம் ஆள்களுக்கு மலாய் தெரியும் என்பது கப்பலில் பெரிய சொத்து. "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர்கள் முகம் மாறிவிடும். ஆங்கிலம் பேசியபோது கிடைக்காத சம்பால் என்ற மிளகாய்த் துவையல், மலாய் பேசியதும் கிடைத்தது.

ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா? ஊறுகாய்?

ரைஸ் குக்கர் கூடாது. மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, காப்பி போடும் கருவி, சூடாகும் எதுவும் கூடாது. கப்பலில் எல்லாரும் பயப்படுவது தீக்குத்தான், புயலுக்கு அப்புறம்தான். சாமி படம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு எதுவும் ஏற்ற முடியாது. பெட்டியை எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். நான் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று கொண்டு போனேன். கார்த்திகைக்கு அதுவே போதும் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன்.

கடையில் வாங்கிய, சீல் உடைக்காத ஊறுகாய்ப் பாக்கெட்டை எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கப்பலிலிருந்து எந்த உணவையும் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். பஃபேயில் எடுத்த ஒரு ஆப்பிள் பையில் இருந்தாலும் சில நாடுகளில் அபராதம்.

பிளக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு மூன்று முனைப் பிளக் பல கப்பல்களில் பொருந்தாது. அமெரிக்க, ஐரோப்பிய வகைத் துளைகள்தான் இருக்கும். பிளக் மாற்றி (அடாப்டர்) ஒன்று கட்டாயம் வேண்டும். மின்னழுத்தத் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பலகையைப் பிடுங்கி வைப்பார்கள்.

எந்த அறை எடுப்பது? வாந்தி வருமா?

நடுவில், கீழ்த் தளத்தில். கப்பல் ஊஞ்சல் மாதிரி ஆடும், நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு. மேலே முன்பக்கம் இருக்கிற விலை உயர்ந்த அறைக்காரர்கள்தான் முதலில் படுப்பார்கள்.

நம் மலாக்கா நீரிணை குளம் மாதிரி. அதைப் பார்த்துவிட்டு, 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடல் கொந்தளிக்கும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் அகுலாஸ் நீரோட்டம் ஒரு பக்கம் ஓட, எதிர்க்காற்று இன்னொரு பக்கம் அடிக்க, அலை எழும்பும். டர்பனை விட்டுக் கிளம்பிய இரவு எங்கள் அலமாரிக் கதவு விடிய விடியத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இஞ்சி மிட்டாய், பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட், அதற்கும் மேல் என்றால் மாத்திரை. குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு, முன்பே போட வேண்டும்.

துணி எப்படித் துவைப்பது?

சில கப்பலில் நாமே காசு போட்டுத் துவைக்கும் இயந்திரம் உண்டு. இல்லாவிட்டால் ஒரு பைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நான் சின்னதுகளைக் குளியலறையிலேயே அலசிப் போட்டேன். பால்கனியில் மட்டும் காயப்போடாதீர்கள். தடை என்பது ஒரு காரணம், உங்கள் துண்டு இந்தியப் பெருங்கடலுக்குச் சொந்தமாகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

ஏறியதும் ஏதோ பயிற்சி என்கிறார்களே?

அவசரகாலப் பயிற்சி. தப்பிக்க முடியாது. தப்பிக்கவும் கூடாது. 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, அன்றுதான் ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதி மாறியது. இப்போது கப்பல் கிளம்புமுன், அல்லது கிளம்பிய உடனே, எல்லாரும் கூடும் இடத்தைத் தெரிந்துகொண்டாக வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது.

பணம் எவ்வளவு கையில் வைத்துக்கொள்வது?

கப்பலுக்குள் ரொக்கமே கிடையாது. அறைச் சாவி அட்டைதான் காசு, அடையாளம், எல்லாம். அதனால்தான் ஆபத்து. கணக்குத் தெரியாமல் தட்டிக்கொண்டே போய், கடைசி நாள் பில்லைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை வரவேற்பு மேஜையில் கணக்குக் கேளுங்கள்.

டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் தானாகவே ஏறும் கப்பல்கள் பல. 41 இரவு, இரண்டு பேர், பெருக்கிப் பாருங்கள். டிக்கெட் விலையை ஒப்பிடும்போதே அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கைப்பேசி வேலை செய்யுமா?

கப்பல் நகர ஆரம்பித்ததும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையைக் கைப்பேசி தானாகப் பிடித்துக்கொண்டால், இரண்டு வாட்சாப் வீடியோவுக்கே பில் எகிறும். இணையம் வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையை வாங்குங்கள். இப்போது செயற்கைக்கோள் வழியே முன்பைவிட வேகம் நன்றாக இருக்கிறது. பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசினேன், நடுக்கடலில்.

'கப்பல் நேரம்' என்றால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பினாங்கைவிட புக்கெட் ஒரு மணி நேரம் பின்தங்கியது. கொழும்பும் கொச்சியும் இரண்டரை மணி நேரம். மேற்கே போகப் போக இரவில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பச் சொல்வார்கள், கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம், சுகம். ஆனால் எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் தன் நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஒரே ஒரு நாள் நிற்கும் ஊர் என்றால் பழைய நேரத்திலேயே இருந்துவிடுவதும் உண்டு.

புக்கெட்டில் அதுதான் நடந்தது. கப்பல் மலேசிய நேரத்தை வைத்துக்கொண்டது, கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு ஐந்து மணிக்கு. வீட்டுக்காரரின் கைப்பேசியோ கரையைத் தொட்டதும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. அது மூன்றரை என்று காட்டியது. "இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு, ஒரு இளநீர் குடிச்சிட்டுப் போவோம்" என்றார். உண்மையில் அரை மணி நேரம்தான் இருந்தது. நல்ல வேளை, என் கையில் பழைய முள் கடிகாரம் கட்டியிருந்தேன். பாத்தோங் கடற்கரை மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பள்ளி விளையாட்டுப் போட்டியில்கூட ஓடியதில்லை.

பாடம்: தானாக மாறாத கைக்கடிகாரம் ஒன்று. அதைக் கப்பல் நேரத்தில் மட்டும் வையுங்கள்.

தாமதமானால் கப்பல் காத்திருக்குமா?

கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போயிருந்தால் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போயிருந்தால் காத்திருக்காது. உங்கள் செலவில் விமானம் பிடித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான். அதனால் கரையில் இறங்கும்போது கடப்பிதழின் (பாஸ்போர்ட்) நகல், வங்கி அட்டை, இரண்டு நாள் மருந்து, துறைமுக முகவரின் எண், இந்த நான்கும் கைப்பையில் இருக்கட்டும். முகவரின் எண் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும்.

அப்படியானால் கப்பல் சுற்றுலாவே பாதுகாப்பு, இல்லையா?

பாதுகாப்புதான். விலையும் இரண்டு மூன்று மடங்கு. நான் வைத்திருக்கும் கணக்கு இது: பார்க்க வேண்டிய இடம் துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருந்தால் நாங்களே போவோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கப்பலின் பேருந்து. நடுவில் இருந்தால் அன்றைய மனநிலை.

அதைவிட முக்கியம், ஒரு ஊருக்கு ஒன்று. மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் எல்லாரும் நான்கு இடம் ஓடினார்கள். நாங்கள் சந்தையில் மட்டும் சுற்றினோம். காய் வாங்கிய பாக்கிக் காசில் மொரிஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்று வந்தது. அதில் தமிழில் எழுதியிருந்தது. அந்த நோட்டுக்கு ஒரு கதை உண்டு. 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள், அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றி மறுபடியும் அடித்தது. காய்க்காரம்மாவுக்குத் தமிழ் பேச வரவில்லை. ஆனால் என் நெற்றித் திருநீற்றைக் காட்டி, "முருகா" என்றார். நோட்டைச் செலவழிக்க மனசு வரவில்லை, வீட்டில் இருக்கிறது.

டர்பனிலும் நம் கதை ஒன்று உண்டு. 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய ஊர் அது. கேப் டவுனில் மட்டும் ஏமாந்தோம். டேபிள் மலைக்குப் போகும் கம்பிவட ஊர்தி காற்று அதிகமானால் நின்றுவிடும், நின்றுவிட்டது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம்.

சென்னையிலிருந்து என் தம்பி குடும்பம் கப்பலில் பினாங்கு வருகிறது. கப்பல் எட்டு மணி நேரம்தான் நிற்கும். எங்கே கூட்டிப் போவது?

அதிர்ஷ்டசாலிகள். ஊரின் நடுவிலேயே கொண்டு வந்து நிறுத்தும் துறைமுகங்கள் குறைவு, பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறை அப்படிப்பட்டது. இறங்கி வெளியே வந்தால் எதிரே விக்டோரியா ராணி மணிக்கூண்டு, ஆட்சியின் 60 ஆண்டுக்காக 60 அடி. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. கிராப் வாடகைக் கார் தேவையே இல்லை.

என் யோசனை: வெயில் ஏறுமுன் குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது. அங்கிருந்து கப்பித்தான் கெலிங் மசூதி, அதையும் கட்டியவர்கள் நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்தான். அப்புறம் நாசி கண்டார். தோளில் காவடி மாதிரிக் கம்பு போட்டுச் சோறும் கறியும் சுமந்து விற்றதால் வந்த பெயர் என்று தம்பியிடம் சொல்லுங்கள், சென்னைக்காரர்களுக்கு அது தெரியாது. மத்தியானம் ஒரு செண்டோல், தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்ந்த இனிப்பு. எந்தக் கடை என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டை வரும்.

தண்ணீர்மலை ஏற வேண்டும் என்று கேட்டால், 500-க்கும் மேல் படி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டி சரியாக இருந்தால் காலையில் முதல் வேலையாகப் போகலாம். பினாங்கு மலை ரயிலை வார இறுதியில் தொடாதீர்கள். வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

எங்கள் கப்பலும் பினாங்கில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் பட்டர்வொர்த்துக்குப் படகேறி வீட்டுக்கே போய், தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறந்துபோன மூட்டுவலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தோம்.

கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும்போது கோலாலம்பூர் பார்த்துவிடலாமா?

முடியும், ஆனால் நான் போகமாட்டேன். பயணிகள் கப்பல் நிற்பது இண்டா தீவில். அங்கிருந்து கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசலில் இன்னும் கூடும். 'பெலாபுஹான் கிள்ளான்' என்று ரயில் நிலையம் இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு இடம், கப்பலடியில் ரயில் கிடையாது. இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் ஒரே நாளில் என்றால் காருக்குள்ளேதான் நாள் கழியும். முதல்முறை வருகிறவர்களுக்குப் பத்துமலை ஒன்று மட்டும், 272 படி ஏறி இறங்கித் திரும்பலாம். மலேசியாக்காரர்களாக இருந்தால் கிள்ளான் நகரத்துக்குள்ளேயே தெங்கு கெலானா சாலையில் வாழையிலைச் சாப்பாடு போதும்.

விசா, ஊசி?

கடப்பிதழ் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும். விசா ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கப்பல் நிறுவனம் நினைவூட்டும், வாங்கித் தராது. இந்தியாவுக்கு இ-விசா கொச்சி, மும்பை, சென்னை, கோவா, மங்களூர் துறைமுகங்களில் செல்லும். இறங்காமல் அறையிலேயே இருக்கப்போகிறேன் என்றாலும், இந்திய விசா இல்லாவிட்டால் ஏற்றாத கப்பல்கள் உண்டு.

ஆப்பிரிக்கத் துறைமுகம் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றிக் கேளுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் சான்றிதழ் போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால்?

கப்பலில் மருத்துவர் இருக்கிறார். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பழகிய நமக்கு அவர் பில் நெஞ்சுவலி தரும். காப்புறுதி எடுங்கள், கடலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும் செலவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தை முழுப் பயணத்துக்கும், அதற்கு மேல் பத்து நாளுக்கும், அசல் பெட்டியோடு கைப்பையில் வையுங்கள். கை கழுவுங்கள். பஃபே வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டு கை கழுவச் சொல்லிப் பாட்டுப் பாடுவது விளையாட்டுக்கு இல்லை, வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் ஒருவருக்கு வந்தால் தளம் முழுக்கப் பரவும்.

அந்தக் காலத்து ரஜூலா மாதிரி இருக்குமா?

இதைக் கேட்டவர் எண்பது தாண்டிய ஒரு பெரியவர். என் அப்பத்தாவும் ரஜூலாவில் வந்தவர்தான். 1926-இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடியது. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என்பது கிள்ளான் துறைமுகத்தின் அப்போதைய பெயர். டெக்கில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து வருவார்களாம். பக்கத்துப் பாய்க்காரி வாந்தி எடுத்தால் இவரும் எடுப்பாராம். கப்பலில் தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் கரை சேராமல் ஜெரெஜாக் தீவில் இறக்கிவிடுவார்கள். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெரிகிறதே, அதே தீவு.

மாதிரி எல்லாம் இல்லை ஐயா. கடல் மட்டும் அதே கடல்தான்.

இறங்கும் நாள் எப்படி?

முந்தின இரவே பெரிய பெட்டிகளை வண்ணச் சீட்டு மாட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். இரவோடு இரவாகக் கொண்டு போய்விடுவார்கள், காலையில் முனையத்தில் அந்த வண்ணத்தின் கீழ் இருக்கும். மறுநாள் உடுத்த வேண்டியதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் காற்சட்டை அத்தனையையும் பெட்டியில் மடித்து வைத்துப் பூட்டி, வெளியே வைத்துவிட்டு, நிம்மதியாகக் கைலி கட்டிக்கொண்டு தூங்கினார். பார்சலோனாவில் நாங்கள் இறங்கியது அந்தக் கைலியோடுதான். குடிநுழைவு அதிகாரி கடப்பிதழைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.